அவர் காணாமல் எழுதிய ஒரே வரி

எனக்கு எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நேற்று எழுதியதை மறந்துவிட்டு இன்றைக்கும் அதையே எழுதுகிறேன். ஐயாவின் மகள் வருசத் திவசத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறாராம். "அப்பாவோடை பழகின எல்லாரும் எழுதினம். நீங்களும் எழுதுங்கோ அன்ரி" என்றார். "எனக்கு என்னம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அவர் பேரை நான் எழுதவில்லை. அட்டையில் படத்தோடு போட்டிருப்பார்கள். நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எனக்கு அவர் ஐயா, அவருக்கு நான் தங்கச்சி. அவர் யாழ்ப்பாணத்துப் பக்கம், அரசாங்க உத்தியோகம் பார்த்துப் பென்சன் வாங்கியவர். நான் வாசனைச் சரக்குத் தோட்டத்தில் மிளகு புடைத்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கோச்சியை, அதுதான் அந்த ரயிலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

இந்தப் புத்தகத்தைக் கோச்சிப் பைத்தியம் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வாசிப்பார்கள் என்று மகள் சொன்னார். அதற்காகத்தான் எழுதுகிறேன். கோச்சி வரும்போதெல்லாம் ஐயா குறித்து வைத்த கொப்பியில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். எழுதியது அவர் கைதான். கண்டது அவர் இல்லை. நான்.

அதைச் சொல்லிவிட்டேன். இனி அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மாத்தளைதான் கோச்சிக்குக் கடைசித் தேசன். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. ஐயாவின் வீடு அதற்கும் அப்பால், பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகிற பெரிய ரோட்டு ஓரத்தில். வாசலில் ஓடுகிற பஸ்ஸையும் லொறியையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். காலையில் பஸ் ஏறி மாத்தளைக்கு வருவார். தேசன் மேடையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து வாங்கில் உட்காருவார். மடியில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. சட்டைப் பையில் இரண்டு பேனை, ஒன்று எழுதாவிட்டால் மற்றது. ஒரு குடையும் இருக்கும், ஆனால் மழை வந்தாலும் விரிக்க மாட்டார். விரித்தால் கோச்சியை மறைக்குமாம். கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நனைவார்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் அங்கே போகத் தொடங்கியிருந்தேன். சின்ன வயதில் இருந்தே எனக்கு அந்த ஆசை உண்டு. அப்பா கொக்கோ மூட்டை ஏற்றத் தேசனுக்குப் போகும்போது நானும் கூடப் போவேன். எஞ்சின் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற பிறகு இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? சந்தைக்குப் போகிற சாக்கில் போய், மேடையின் கடைசியில் ஒதுங்கி நின்று, கோச்சி வந்து நின்றதும் திரும்பிவிடுவேன். மூன்றாம் தரம் போனபோது அவர் கேட்டார்.

"தங்கச்சி ஆரைக் கூட்டிக்கொண்டு போக வாறனீங்கள்? மூண்டு தரமாப் பாக்கிறன், ஒருத்தரும் இறங்கி உங்களிட்டை வரேல்லையே."

"யாரையும் இல்லீங்க ஐயா. சும்மா பாக்கத்தான்."

"எதை?"

"கோச்சியத்தாங்க."

அவர் வாங்கில் கிடந்த குடையை எடுத்துத் தரையில் வைத்தார். "இருங்கோ. நானும் உதுக்குத்தான்."

வாங்கின் அந்த முனையில் அவர், இந்த முனையில் நான். நடுவில் இரண்டு பேர் உட்காருகிற இடம். எத்தனையோ வருசம் அந்த இடம் அப்படியே இருந்தது. வீட்டில் என் மருமகள் சும்மா இருக்குமா? "மாமி, நீங்க கோச்சி பாக்கப் போறீங்களா, கோச்சி ஒங்கள பொண்ணு பாக்க வருதா? பூ வச்சிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிச் சிரிக்கும். கெட்ட பிள்ளை இல்லை. வாய்தான்.

ஐயாவின் கொப்பியில் கோடு போட்டு ஐந்து பத்தி பிரித்திருப்பார். திகதி, நம்பர், வந்த நேரம், எத்தனை பெட்டி, குறிப்பு. கோச்சி வரும்போது எழும்பி நிற்பார். நம்பரை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லுவார். பிறகு உட்கார்ந்து எழுதுவார். ஒரு நாள் சரியாக அந்த நேரம் மேடையில் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து அடைத்துக்கொண்டது. கோச்சி அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போன பிறகு ஐயா திகதியை மட்டும் எழுதி வரியை வெறுமையாக விட்டார். டிக்கட் கொடுக்கிற சிங்களவரை மாத்தையா என்போம், அவர் நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் ஜன்னலுக்குள் இருந்து, "ஐயா, நேத்து வந்த அதே வண்டிதான். அந்த நம்பரையே போடுங்க" என்றார்.

"நீங்கள் கண்டனீங்கள் மாத்தையா. நான் காணேல்லை."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"பொய் எண்டு ஆர் சொன்னது? நீங்கள் ஒரு கொப்பி வையுங்கோ, அதிலை எழுதுங்கோ."

மாத்தையா தலையில் அடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.

ஐயா அப்படித்தான். கண்ணால் காணாததை எழுத மாட்டார். வேறு எதிலும் பிடிவாதம் கிடையாது. தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்தால் பேசாமல் குடிப்பார். தெருநாய் வழியில் படுத்திருந்தால் சுற்றிப் போவார். இந்த ஒன்றில் மட்டும் அசைக்க முடியாது.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அவர் இருந்த காலத்தில் ஒரு பொங்கலுக்கு மிளகு கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு அக்கா சொன்ன கதை இது. மகள் பிறந்தது கண்டி ஆஸ்பத்திரியில். அப்போது ஐயாவுக்குப் பல்லேகமப் பக்கம் வேலை. பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்று அவர் வேலை பார்த்த கந்தோருக்குப் போன் வந்திருக்கிறது.

"எல்லாரும் ஊருக்குத் தந்தி அடியுங்கோ எண்டு நிண்டவை. இந்த மனுசன், நான் இன்னும் காணேல்லை எண்டு சொன்னதாம்! பஸ் பிடிச்சுக் கண்டிக்கு வந்து, பிள்ளையைத் தூக்கிப் பாத்து, பிறகுதான் தந்தி. என்ரை அம்மா அங்கை பிள்ளைக்கு என்னவோ நடந்துட்டுது எண்டு நல்லூருக்கு நேர்த்தி வைச்சுக்கொண்டு அழுதபடி."

"கண்டாப்பிறகு அடிச்சனான் தானே" என்றார் ஐயா.

"ஓமோம். முப்பத்தொண்டுக்குத் துடக்குக் கழிக்கிற அண்டைக்கு அடிச்சனீங்கள்."

நான் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தேன். ஐயா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அந்த வீட்டில் மாடே கிடையாது. இல்லை, இருந்ததா? இருந்திருக்கலாம். இதைத்தான் நான் மறந்துபோகிறேன் என்று சொன்னேன்.

அக்கா செத்த பிறகு ஒரு நாள் கோச்சி ஒரு மணித்தியாலம் பிந்தியது. மேடையில் வேறு யாரும் இல்லை. ஐயா கேட்காமலே ஒன்று சொன்னார். பல்லேகமவில் இருந்தபோது லக்கலக் காட்டுப் பக்கம் யானை வந்து வயலை மிதித்தால், போய்ப் பார்த்து எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. அவர் எழுதினால்தான் நட்டஈடு. ஒரு வயல்காரர் விடியக் காலமே நடந்து வந்து யானை மிதித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். வாகனம் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் பஸ்ஸும் அருமை. ஐயா போய்ச் சேர நாலு நாள் ஆகிவிட்டது. அதற்குள் பெரிய மழை. வயல் முழுக்கத் தண்ணீர். காலடி ஒன்றுகூட இல்லை. அந்த மனிதர் சேற்றுக்குள் இறங்கி நின்று, "மாத்தையா, இந்தா இங்க நின்னுச்சு. இந்தா இப்படிப் போச்சு. நான் கண்டேன், அது போதாதா?" என்று சிங்களத்தில் கேட்டாராம். ஐயா, யானை வந்த தடயம் காணவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"அவன்ரை சொல்லை எழுதியிருக்கலாம் தங்கச்சி" என்றார். "வயல்காரர் கண்டதாகச் சொல்கிறார் எண்டு ஒரு வரி. நான் கண்டன் எண்டு எழுதச் சொல்லி அவன் கேக்கேல்லை. அவன் கண்டதை எழுதச் சொல்லித்தான் கேட்டவன்."

நான் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தேன். "கோச்சி இன்னும் காணோமேங்க ஐயா" என்றேன்.

இப்போது மூக்குத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள், பிறகு இது தேவைப்படும்.

மாத்தளைக்கு வருவது பெரும்பாலும் பவர் செட். எஞ்சினும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்தது. எப்போதாவது தனி எஞ்சின் பூட்டிய கோச்சி வரும். அதில் ஒன்று மூக்கு நீண்ட பழைய எஞ்சின். அதன் மூக்கில் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் தகடு வெட்டி வட்டமாக ஒட்டுப் போட்டிருந்தார்கள். மற்றக் கன்னம் வெறும் கன்னம். எஞ்சின் மூக்கு முன்னால் இருக்க வரும்போது, மாத்தளை மேடையில் உட்கார்ந்திருக்கிற எங்கள் பக்கம் அந்த ஒட்டுத் தெரியும். முதல் தரம் பார்த்தபோது என் வாயில் தானாக வந்துவிட்டது. "ஐயா, இது மூக்குத்தி போட்டிருக்குங்க."

ஐயா நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அவருக்கு அத்தனை பல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குறிப்புப் பத்தியில் மூக்குத்தி என்று எழுதினார். மறு நாள் வந்து, பழைய கொப்பிகளைத் தேடிப் பார்த்ததாகச் சொன்னார். அவர் முதன்முதல் மாற்றலாகி மாத்தளைக்கு வந்த கோச்சியை இழுத்தது இதே எஞ்சின்தானாம். அப்போது ஒட்டு இல்லை. "இளந்தாரியிலை நான் கண்டது. மூக்குக் குத்த முந்தி" என்றார். அப்புறம் இரண்டு பேரும் அதற்காகவே காத்திருப்போம். பிறகு அது வருவது நின்றுவிட்டது. அவருடைய போனில் கோச்சிக்காரர்கள் சேர்ந்து எழுதுகிற ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அந்த எஞ்சினை ஓரம் கட்டிவிட்டார்கள், சில்லுச் சக்கரங்களையும் கழற்றிவிட்டார்கள் என்று அதில் எழுதியிருந்ததாம். "மெய்யாங்களா ஐயா?" என்று கேட்டேன். "நான் காணேல்லை" என்றார்.

பிறகு அந்தப் பெரிய மழை. மலை சரிந்து பாதை அடைபட்டது. மாதக் கணக்காகக் கோச்சி இல்லை. ஐயா வருவதை நிறுத்தவில்லை. பஸ் ஏறி வந்து வெறும் மேடையில் உட்கார்ந்து திகதியை எழுதுவார். தண்டவாளத்துக்கு நடுவில் புல் முளைத்துவிட்டது. "வராத கோச்சிக்கு எதுக்குங்க ஐயா வர்றீங்க, இந்த வயசுல?" என்று நானே கேட்டேன்.

"வரேல்லை எண்டதையும் ஆராவது காணவேணும் தானே."

அந்த நாளில்தான் ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். மாத்தளை ஆஸ்பத்திரியில் படுத்தார். மகள் கொழும்பில் இருந்து வந்துவிட்டார்.

என் மகனின் வீடு உக்குவளைக்கும் மாத்தளைக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் தண்டவாளம். ஐயா ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மத்தியானம் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மிளகு நனையாமல் அள்ளிக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது. பவர் செட்டின் சத்தம் இல்லை. சுளகைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடினேன். என் வயதுக்கு அதை ஓட்டம் என்று சொல்லக் கூடாது. எஞ்சின் ஒன்று, கல் ஏற்றிய இரண்டு பெட்டியோடு, புதிதாக மண் போட்ட இடத்தில் மெல்ல மெல்ல வந்தது. மாதக் கணக்குக்குப் பிறகு வந்த முதல் எஞ்சின். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியில் தூறல், கண்ணில் தண்ணீர். அதற்குள்ளே நான் அந்த வட்டத்தைப் பார்த்தேன். மூக்கின் கன்னத்தில், நான் நின்ற பக்கம். கையை ஆட்டினேன். டிரைவரும் ஆட்டினார். கொஞ்சத் தூரம் போய்க் கல்லைக் கொட்டிவிட்டு, வந்த மாதிரியே பின்னோக்கி நகர்ந்து போய்விட்டது. மாத்தளைத் தேசன்வரை வரவில்லை. அதனால் டிக்கட் மாத்தையாவும் அதைக் காணவில்லை.

மறு நாள் நாலு தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரைப் பார்க்கவென்றே நான் தேசனை விட்டு வேறு இடம் போனது அதுதான் முதல் தரம். கட்டிலுக்குப் பக்கத்தில் மகள் இருந்தார். ஐயா கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"ஐயா, மூக்குத்தி வந்திச்சுங்க."

கண்ணைத் திறந்தார். "எது?"

"நம்ம மூக்குத்திங்க. நேத்து. கல்லு ஏத்துன ரெண்டு பொட்டியோட."

"நம்பர்?"

"நம்பர் பாக்கலீங்க. தூறலு. மூக்குத்தியப் பாத்தேன்."

"எங்கை நிண்டு பாத்தனீங்கள்?"

"வீட்டுக்குப் பின்னாலதாங்க. வேலியோரமா."

ஐயா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்போது மகளிடம், "பிள்ளை, அந்தக் கொப்பியை எடு" என்றார்.

"வேணாங்க ஐயா. நீங்க பாக்கலயே. எந்திரிச்சு வந்து பாத்த பொறகு எழுதுங்க."

"நீங்கள் கண்டனீங்கள் தானே?"

"கண்டேங்க."

"பிறகென்ன?"

படுத்தபடியே எழுதினார். திகதி. பழைய கொப்பிகளைத் தேடிப் பார்த்த நாளில் இருந்து மனப்பாடமாக வைத்திருந்த அந்த நம்பர். இரண்டு பெட்டி. குறிப்பில் மூக்குத்தி. எழுத்து வரியை விட்டுக் கீழே கீழே இறங்கிப் போனது. மகளைப் படம் எடுத்துக் குழுவில் போடச் சொன்னார். "சனம் அதைச் செத்துப்போச்சு எண்டு சொல்லிக்கொண்டு திரியுதுகள். போடு" என்றார். அவர் முகம் அப்படி வெளித்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஒரு கிழமை, ஏழு நாள் கழிந்து ஐயாவைப் பலாபத்வலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேட்டு அங்கே போனேன். மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அன்ரி, குழுவிலை எல்லாரும் அப்பாவை நக்கலடிக்கிறாங்கள்." போனைப் பார்த்து வாசித்துக் காட்டினார். சில்லு இல்லாத எஞ்சின் மாத்தளைக்கு நடந்து வந்ததா என்று ஒருவர். மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை போல என்று ஒருவர். படம் எங்கே என்று ஒருவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எஞ்சின் தெரியுமா என்று ஒருவர். கடைசியாக ஒருவர், அப்படியென்றால் இத்தனை வருசக் கொப்பியும் இப்படி எழுதியதுதானா என்று கேட்டிருந்தார்.

எனக்குப் படிப்பில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி என்ன செய்யும் என்று எனக்கு விளங்கியது. கல்யாணக் கூட்டம் மறைத்த ஒரு நாளைக்கூட வெறுமையாக விட்ட மனிதர்.

உள்ளே ஐயா சாய்ந்து படுத்திருந்தார். மகளைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு மெல்லக் கேட்டார். "தங்கச்சி, கண்டது ஆர் எண்டு சொல்லட்டோ? உங்கடை பேரைப் போடட்டோ?"

"ஐயோ, வேணாங்க ஐயா."

"ஏன்?"

"மருமக என்ன சொல்லும்? தெருவே சிரிக்கும். படிச்ச மனுசங்க இருக்க எடத்துல எம்பேரு எதுக்குங்க?"

"சரி" என்றார். அவ்வளவுதான். நான் போன பிறகு மகளிடம் சொல்லி, கண்டவர் இருக்கிறார் என்று மட்டும் குழுவில் போடச் சொன்னாராம். யார் என்று கேட்டார்களாம். அதற்குப் பதில் போகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று கிழமையில் ஐயா நெஞ்சுச் சளி கட்டிப் போய்விட்டார்.

செத்த வீட்டில் நான் பொம்பிளைகளோடு உட்கார்ந்திருந்தேன். கண்டியில் இருந்து குழுக்காரர் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நல்ல மனிதர்கள், கண் கலங்கியிருந்தது. ஒருவர் மற்றவரிடம், "தங்கமான மனுசன். கடைசியில கொஞ்சம் தடுமாறிட்டாரு, பாவம். அந்த எஞ்சின் கதைய பாத்தீங்கதானே" என்றார். மற்றவர், "அத விடுங்க, வயசு" என்றார். என் காதுக்கு எட்டுகிற தூரத்தில்தான் நின்றார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னம்மா, சீனி வேணுமா?" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றேன்.

அவரே போய்ச் சீனி வாங்கிவந்து கொடுத்தார். நான் அதைப் போட்டுக் குடித்தேன்.

இது நடந்து பல மாதம் கழித்துக் கோச்சி மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஒரு நாள் பின்வேலியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்தளைக்கு ஏறிப் போகிற கோச்சி. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. வேலியைப் பிடித்துக்கொண்டேன். மாத்தளை மேடை கோச்சிக்கு ஒரு பக்கம். என் வீடு அதற்கு மறுபக்கம். மூக்குத்தி இருந்தது மேடைப் பக்கத்துக் கன்னத்தில். என் வீட்டுப் பக்கம் வருவது வெறும் கன்னம். எஞ்சின் மூக்கை முன்னால் வைத்து வந்திருந்தால் என் வேலியில் நின்று மூக்குத்தியைக் காணவே முடியாது.

எஞ்சினைத் திருப்பிப் பூட்டி, மூக்குப் பின்னால் இருக்க வந்திருந்தால் காணலாம். அப்படி வருவதும் உண்டுதான். ஆனால் அன்றைக்கு மூக்கு முன்னால் இருந்ததா, பின்னால் இருந்ததா? எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வட்டம் மட்டும்தான் வருகிறது. அது ஒட்டா, புது மண்ணில் இருந்து தெறித்த சேறா என்றுகூட இப்போது சொல்ல முடியவில்லை. பாதையில் வேலை செய்த ஒருவரைக் கடையில் கண்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எஞ்சின்னா எஞ்சின்தானே அம்மா, அதுல முன்ன பின்ன என்ன?" என்றார்.

ஐயாவுக்கு அது தெரியாதா? எந்த எஞ்சினுக்கு எந்தக் கன்னம், எந்த வீடு எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவர். எங்கை நிண்டு பாத்தனீங்கள் என்று கேட்டது அதற்குத்தான். வேலியோரம் என்று நான் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாரே, அப்போது எஞ்சினைத் திருப்பிப் பூட்டியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டாரா? அல்லது நான் பிழையாகக் கண்டேன் என்று தெரிந்துகொண்டே எழுதினாரா? தெரிந்தே எழுதினார் என்றால் அது எனக்காக எழுதியது. அதை நினைத்தால் எனக்கு இருக்கவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. கேட்பதற்கு அவர் இல்லை.

வாசிக்கிற பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் எழுதியதில் ஊர்ப் பேர், நேரம், சாமான்களின் பேர் எல்லாம் பிழையாக இருக்கலாம், தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாடு இருந்ததா என்று மகளைக் கேளுங்கள். அதெல்லாம் பெரிதில்லை. அன்றைக்கு உக்குவளையைத் தாண்டிக் கல் ஏற்றி வந்தது எந்த எஞ்சின், மூக்கு எந்தப் பக்கம் இருக்க வந்தது என்று கண்டியிலோ கொழும்பிலோ ஒரு கந்தோரில் எழுதி வைத்திருப்பார்களாம். எனக்கு அங்கே போகவும் தெரியாது, போனால் எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. உங்களில் யாராவது பாருங்கள். திகதி கொப்பியில் இருக்கிறது, கொப்பி மகளிடம் இருக்கிறது.

பார்த்த பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில், குறிப்புப் பத்தியில், பேனையால் எழுதிவிடுங்கள். உக்குவளைப் பக்கத்து மிளகு புடைக்கிற கிழவி கண்டதாகச் சொன்னாள் என்று முதலில் எழுதுங்கள். சரியா பிழையா என்பதை அதற்குக் கீழே எழுதுங்கள். என்னிடம் வந்து சொல்ல வேண்டியதில்லை. என் பேர் வேண்டுமென்றால் மருமகளிடம் கேட்டால் சொல்லும்.